முந்தின ஊர்க்காரர் விறகு அடுக்குகிறார்

அந்தப் பெயரை அக்கா முதன்முதலில் கேட்டது கல்யாணமான பதினோராம் நாள் காலையில். அக்கா என்றால் எங்கள் சித்தப்பாவின் மூத்த பெண். குடும்பத்தில் அவளுக்குக் கீழே பதினேழு உருப்படிகள் இருந்ததால், கேட்டுக் கேட்டுப் பெரியவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "அங்கெல்லாம் இருக்காரா?" என்று கேட்டார்.

"யாருங்க?"

"அங்கெல்லாம்ங்க. வானிலை ஆபீஸ்ல மழை அளக்கறவரு."

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே. பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க" என்று அக்கா கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த புது மாப்பிள்ளை பாதி முகத்தில் நுரையோடு, "என்னைத்தான், என்னைத்தான்" என்று ஓடி வந்தார். ஆபீசில் அவருக்கு அதுதான் பெயராம். ஏன் அப்படி ஒரு பெயர் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. அன்று மத்தியானம் அவள் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கெல்லாம் இன்னும் கொஞ்சம் கெட்டியா போடுவாங்க."

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டாதீர்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், ஆபீசில் இரண்டு பேர், சொந்தத்தில் கணக்கே இல்லை. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் முந்தின ஊர்க்காரர். உடம்பை மட்டும் லாரியில் ஏற்றிப் புது ஊருக்குக் கொண்டு வந்துவிட்டு, வாய், வயிறு, கை, கால், நம்பிக்கை எல்லாவற்றையும் பழைய வாடகை வீட்டிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்தவர். அந்த ஊரில் இருந்தபோது அதைப் புகழ்ந்தாரா என்றால், அதுதான் இல்லை. இருந்த ஆறு வருஷமும் தண்ணீர் சரியில்லை, ஜனம் சரியில்லை, நாய்கூடச் சரியாகக் குரைப்பதில்லை என்று பழித்தவர்தான். வண்டி ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். தாண்டிய நிமிஷத்திலிருந்து அந்த ஊருக்கு அவர் தூதர்.

அக்கா வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லி என்ன, அது பரம்பரை. அவருடைய சித்தப்பா ஒருவர் இருபத்திரண்டு வருஷம் கப்பலில் சமையல் செய்தார். வேலையை விட்டுக் கரைக்கு வந்து வீடு கட்டினார். கட்டின வீட்டில் பாத்திரம் ஒவ்வொன்றின் காதிலும் கயிறு கட்டிச் சுவரோடு முடிச்சுப் போட்டு வைத்தார். டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்ற விடமாட்டார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்திருந்தார். "இது தரை, சித்தப்பா, ஆடாது" என்று சொன்னால், "இன்னிக்கு ஆடல" என்பார். பாவம், அவரால் அவருக்கு மட்டும்தான் கஷ்டம். அவர் அண்ணன் மகனோ கல்யாணம் பண்ணிக்கொண்டார்.

முந்தின ஊர்க்காரரை டீக் குடிக்கும்போது பார்த்தால் போதாது. விறகு அடுக்கும்போது பார்க்க வேண்டும். பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், விறகு ஆட்டாது. எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊர் வெயிலுக்குக் காயும், அந்த ஊர் மழைக்கு நனையும், முந்தின ஊரில் எப்படி இருந்தது என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தால் அடுப்பில் புகைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருக்கும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர் உத்தியோகமே அந்தந்த ஊர் வானத்தை அளப்பது. காலை எட்டு மணிக்குப் போய், நேற்று பெய்த மழை இவ்வளவு, அடித்த காற்று இவ்வளவு, இறங்கின குளிர் இவ்வளவு என்று ஒரு சொட்டு பிசகாமல் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, முந்தின ஊருக்கு விறகு அடுக்குவார்.

அவர் பிறந்தது காற்று ஊர். அங்கே விறகை யாரும் அடுக்குவதில்லை. பிளந்து, முற்றத்தில் அப்படியே கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஓயாத காற்று பதினைந்து நாளில் சுக்காக்கிவிடும். அடுக்குகிறவனைப் பார்த்தால், வேறு வேலை இல்லையா என்று கேட்பார்கள். கல்யாணமான புதிதில் இவர்கள் குடித்தனம் வைத்ததோ வருஷத்தில் ஏழு மாதம் வானம் வெளுக்காத மழை ஊர். இவர் வண்டி விறகை வாங்கி, முற்றத்தில், வெறும் தரையில், கொட்டினார்.

ஒன்பதாம் நாள் காளான் முளைத்தது.

மழைக்கோட்டுக்காரர் நல்ல மனிதர். வலிய வந்து சொன்னார். "சார், கீழ கல்லு வச்சு ரெண்டு சாண் தூக்குங்க. மேல தகரம் சரிவா போடுங்க. பக்கத்துல மட்டும் மூடாதீங்க, காத்து நுழையணும். பாயப் போட்டுச் சுத்திக் கட்டினா விறகுக்கு வேர்க்கும். பட்டை மேல் பக்கமா இருக்கணும், தண்ணி வழிஞ்சிரும். சமையக்கட்டுச் சுவரை ஒட்டி அடுக்குங்க, அடுப்புச் சூடு சுவர் வழியா வந்து காய வைக்கும்."

இவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இந்த இனத்துக்குப் பொறுமை ஜாஸ்தி. மோவாயை ஒரு விரற்கடை மேலே தூக்கி, கண்ணைப் பாதி மூடி, "அங்கெல்லாம் வெறும் தரையிலதான்" என்றார்.

மூன்று வருஷம் அக்கா ஊதினாள். ஊதுகுழல் தேய்ந்தது. அவர்களுக்கு ஒரே பெண், அந்தப் பெண் அம்மா என்று சொல்லுமுன் இருமக் கற்றுக்கொண்டது. நாலாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதுவும் சொல்லாமலே எழுந்து போய்க் கல் வைத்தார், தகரம் போட்டார், பட்டையை மேலே பார்க்க வைத்தார். வைத்ததோடு விட்டாரா? மழைக்கோட்டுக்காரரைக் கூட்டி வந்து நிறுத்தி, மழைப் பிரதேசத்தில் விறகு எப்படி அடுக்குவது என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அந்த மனிதர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் புகை நின்றது. அக்கா கண் தெளிந்து சுற்றிலும் பார்த்தாள், ஊர் அழகாகத்தான் இருந்தது. ஆறாம் மாதம் மாற்றல் வந்துவிட்டது.

அடுத்தது வெயில் ஊர். அங்கே இவர் படுக்கையைப் பிரிக்கவில்லை, பாத்திரத்தை இறக்கவில்லை, முதல் வேலையாகச் சமையற்கட்டுச் சுவரை ஒட்டிக் கல் வைத்து, தகரம் சரித்து, விறகை அடுக்கினார். பால் ஊற்ற வந்த அம்மாள் பார்த்துப் பதறிவிட்டாள்.

"ஐயோ சாரே, சுவத்துல ஒட்டாதீங்க. இது கரையான் ஊரு."

"மழை வந்தா?"

"மழையா! வருஷத்துக்கு ஏழு நாளு தூறும். நீங்கதானே அதை எண்ணி நோட்டுல எழுதறவரு?"

"அது ஆபீஸ் நோட்டும்மா" என்றார் இவர். "அங்கெல்லாம் சுவத்தை ஒட்டித்தான்."

கரையானுக்கு எந்த ஊர் ஞாபகமும் கிடையாது. கல்லில் ஏறி, விறகில் ஏறி, அங்கிருந்து சுவர், சுவரிலிருந்து கதவு நிலை என்று சத்தமில்லாமல் குடியேறிக்கொண்டே வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு காலை, அக்கா வழக்கம்போல நிலையில் சாய்ந்துகொண்டு பால்கார அம்மாளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது, நிலை ஊறின பிஸ்கட் மாதிரி உட்கார்ந்தது. அக்காவும் நிலையும் சேர்ந்தே முற்றத்தில் விழுந்தார்கள். பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் இடது முழங்கை இன்றைக்கும் குளிர்காலத்தில் வலிக்கும்.

அதன்பின் கற்றுக்கொண்டார், கேட்பானேன். சுவரிலிருந்து நாற்பதடி. டேப் வைத்து அளந்து. பட்டையை உரித்து, கூரை எதுவும் இல்லாமல், திறந்த வெளியில். ஒவ்வொரு கட்டையையும் வீட்டுக்குள் கொண்டுவருமுன் வாசற்படியில் இரண்டு தட்டு. கரையான் உதிரும். நாற்பதடியில் ஓரடி குறைந்தாலும் ஒற்றைக்காலில் நிற்பார். பால்கார அம்மாளுக்கும் பாடம் நடந்தது. அவள் மழைக்கோட்டுக்காரர் மாதிரி இல்லை, "இதை நான் சொன்னப்ப எங்க போயிருந்தீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். "இங்கதான் இருந்தேன்" என்றார். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஊரில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள். பெண் வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போனாள். பிறகு வந்த மாற்றல்தான் பனி ஊர்.

அது மேட்டில் ஒரு வீடு. ஒரே ஒரு பெரிய அறை, அதன் நடுவில் இரும்புக் கணப்பு, அதைச் சுற்றித்தான் சகல ஜீவனமும். பக்கத்து வீட்டில் ஒரு தபால்காரம்மா, மேட்டிலும் பள்ளத்திலும் கடிதம் சுமந்து சுமந்து காலெல்லாம் கயிறாக முறுக்கேறிய மனுஷி. அவள் வீட்டு வாசலிலிருந்து ஜன்னல் வரை, வெயில் படுகிற பக்கமாய், கூரை இறவாணத்துக்கு அடியில், சுவரோடு சேர்த்து, நெஞ்சு உயரத்துக்கு விறகு. கதவைப் பாதி திறந்து கையை நீட்டினால் கட்டை வரும். இவர்கள் வந்த அன்றைக்கே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சார், இங்க விறகு வாசலோட இருக்கணும். பனி விழுந்தா வாசலைத் தவிர வேற ஊரே கிடையாது."

இவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

நாற்பதடி அளந்தபோது இடம் சரிவின் அடிக்குப் போய்விட்டது. பெரிய மரத்தின் நிழல், நாள் முழுக்க ஈரம். அங்கே கூரையில்லாமல், பட்டையில்லாமல், நாலு வண்டி விறகை அடுக்கினார். அடுக்கு என்னவோ அழகாகத்தான் இருந்தது. பஞ்சாங்கம் மாதிரி ஒரே சீர். சாய்வு பார்க்க நூல்கூடப் பிடித்தார்.

"பனியில கரையான் ஏதுங்க?" என்றாள் அக்கா.

"இருந்தா? நிலையோட விழுந்தியே, மறந்துட்டியா?"

மறப்பாளா. முழங்கையைத் தடவிக்கொண்டாள். விறகு எடுக்க நாளைக்கு இரண்டு நடை நாற்பதடி இறங்கி ஏறினாள். அது பழகிவிடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது செய்தி வந்தது. பெண்ணுக்கு எட்டாம் மாதமே பிரசவமாகிவிட்டது, பெண் குழந்தை, உள்ளங்கையும் அரைக்கையுமாக ஒரு பூனைக்குட்டி அளவு. தாயும் சேயும் நலம், ஆனால் இரண்டு மாதத்துக்கு அறைச் சூடு இறங்கக்கூடாது, ஒரு நாள்கூட, என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெண் ஒரே பிடிவாதமாக, "அம்மாகிட்டதான் போவேன்" என்றாள். கல்யாணமாகிப் போனவள் ஆறு வருஷத்தில் அம்மா வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு நாள் தங்கியதில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். நிதானமான பிள்ளை, சுற்றி வளைக்கத் தெரியாது.

"வீடு சூடா இருக்குமா அத்தை? இல்லேன்னா தயங்காம சொல்லிடுங்க. எங்கம்மா வீட்ல ஹீட்டர் இருக்கு, அங்க விட்டுடறேன். கோவிச்சுக்க ஒண்ணுமில்ல."

"இருக்கும் மாப்பிள்ளை" என்றாள் அக்கா. போனை வைத்தாள். ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தாள். நாற்பதடி அவளுக்கு அப்போதுதான் நீளமாகத் தெரிந்தது.

"ஏங்க, பாதி விறகையாவது வாசலுக்குக் கொண்டாந்துடலாம்ங்க."

"பச்சக் குழந்தை வர்ற வீட்ல கரையானை ஏத்தச் சொல்றியா?"

"குழந்தைய கரையான் தின்னுடுமா?"

"அங்கெல்லாம் கதவையே தின்னுச்சு. என் பேத்தி கதவை விடப் பெரிசா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அக்கா கையால் சொன்னாள். தினமும் இரண்டு நடை போகிறவள் நாலு நடை போனாள். அதிகப்படிக் கட்டைகளை ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாய் வைத்து, மேலே பழைய சாக்கைப் போட்டு, அதன்மேல் ஒரு பூந்தொட்டியையும் வைத்தாள். மூன்றாம் நாள் அவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அக்காவுக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியது அந்த ஒரு நாள்தான். அத்தனை கட்டையையும் வாரிக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே, இருந்த வரிசையிலேயே அடுக்கினார். அவர் ஆபீஸ் போனதும் அக்கா மேலே கொண்டுவருவாள். திரும்பி வந்ததும் அவர் கீழே கொண்டுபோவார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவில்லை. ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஒரே போர்வையைத்தான் போர்த்திக்கொண்டார்கள்.

"அக்கா, நான் முப்பது வருஷமா தபால் கொடுக்கறேன்" என்றாள் தபால்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "எந்தக் கடுதாசியும் இவ்வளவு தடவை போய்த் திரும்பி வந்ததில்ல."

பெண்ணும் குழந்தையும் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது பனி விழ ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து விறகு கீழே இருக்கிற முறை. மூன்று நாளும் விடவில்லை. காற்று மேட்டுப் பனியையெல்லாம் வழித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டியது. வருகிற நாள் காலையில் வானம் பளிச்சென்று திறந்தது. வீட்டுக்குள் பதினோரு கட்டை மிச்சம், ராத்திரி வரைக்கும்கூடக் காணாது.

எட்டு மணிக்கு அவர் ஆபீசுக்குப் போய் அளந்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு பெருமை. "மூணடி ரெண்டங்குலம். இந்த ஊர்ல பதினாறு வருஷத்துக்கு அப்புறம் இதுதான் அதிகம்."

"எதுக்கு மேல? தரைக்கு மேலயா, நம்ம விறகுக்கு மேலயா?" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவர் திரும்பிச் சரிவைப் பார்த்தார். சரிவே இல்லை. மேடும் பள்ளமும் ஒரே வெள்ளை, இடையில் மூன்று நாலு திமில்கள். எந்தத் திமிலுக்குள் விறகு? அவருக்கா தெரியாது? நாற்பதடி. டேப்பை எடுத்து அக்காவின் கையில் ஒரு முனையைக் கொடுத்து வாசற்படியில் பிடிக்கச் சொன்னார். இடுப்பளவு பனியில் நீந்திக்கொண்டு போய், நாற்பதாவது அடியில் பலகையால் தோண்டினார். முக்கால் மணி நேரம். கிடைத்தது துணி காயப்போடும் கம்பம். அன்றைக்கு அளந்தது பின்பக்கச் சுவரிலிருந்து, இன்றைக்கு அளந்தது முன்வாசலிலிருந்து. அடியில் தப்பில்லை, ஆரம்பித்த இடத்தில்தான் தப்பு.

இரண்டாவது திமிலில் விறகு இருந்தது. மேல்வரிசை முழுக்க உருகி உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பாறை. கோடாலியைத் திருப்பி அடித்து ஆறு கட்டை பெயர்த்தார். அந்த நிலையிலும் வாசற்படியில் ஒவ்வொன்றையும் இரண்டு தட்டு தட்டினார். ஐஸ்தான் உதிர்ந்தது. கணப்பில் வைத்தார்கள். சீறியது, அழுதது, புகைந்தது, இருந்த தீயையும் அணைத்துவிட்டு ஓய்ந்தது. மணி பத்தரை. மாப்பிள்ளையின் வண்டி இரண்டு மணிக்கு வரும்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை, மூக்கைச் சிந்தவில்லை. முப்பது வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை, நிலையோடு விழுந்த அன்றைக்குக்கூடத் திட்டிக்கொண்டேதான் எழுந்தாள்.

"மாப்பிள்ளைக்குச் சொல்லிடறேன்" என்றாள். "வழியில திரும்பி அவங்கம்மா வீட்டுக்கே போகட்டும். குழந்தையாவது நல்லாருக்கட்டும்." கையை நீட்டி மேஜைமேல் இருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

அவர் கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போனார்.

அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். வேலியை மூடின பனியில் ஏறி, ஒரு காலைப் பறிகொடுத்து, செருப்பைத் தேடி எடுத்து, தபால்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். பேச்சு காதில் விழவில்லை. விழ வேண்டியதில்லை. அந்த முகத்தை அவளுக்கு எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரியும். தபால்காரம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். இப்போது மோவாய் மேலே போகும், கண் பாதி மூடும், அந்த வார்த்தை வெளியே வரும் என்று அக்கா காத்துக்கொண்டிருந்தாள். தபால்காரம்மா இன்னும் நீளமாகச் சொன்னாள். மோவாய் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு தலை மேலும் கீழும் ஆடியது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

அக்கா போனை மேஜையில் வைத்தாள்.

தபால்காரம்மா சறுக்குவண்டியில் விறகை ஏற்றிக்கொண்டு இழுத்து வந்தாள். ஐந்து நடை. "என் விறகு, என் சட்டம். நான் காட்ற இடத்துலதான் வைக்கணும்" என்றாள்.

"சரிங்க."

"சுவத்தை ஒட்டி."

அவர் குனிந்து முதல் கட்டையை எடுத்தார். "சரிங்க."

வைத்தார். வாசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு வரிசை, மேலே சாய்வாக ஒரு பலகை. ஆனால் கை கேட்கவில்லை, ஒவ்வொரு கட்டையையும் படியில் தட்டித் தட்டித்தான் வைத்தது.

"என்ன சார், முட்டை நல்லதா கெட்டதான்னு பாக்கறீங்களா?"

"பழக்கம்" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். ரொம்ப நேரம் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. மாப்பிள்ளை குழந்தையை உடனே இறக்கவில்லை. தான் மட்டும் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைத்துப் பார்த்தார், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஜன்னல் இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்தார். அவர் மெதுவாகக் கழுத்துத் துணியை அவிழ்த்தார், அப்புறம் கோட்டு, அப்புறம் ஸ்வெட்டர்.

"இங்கதான் வேர்க்குதே அத்தை" என்றார்.

தாயும் சேயும் ஐம்பத்து மூன்று நாள் இருந்தார்கள். சூடு ஒரு நாள் இறங்கவில்லை. உறைந்த விறகை அவரே வெட்டி வெட்டிக் கொண்டுவந்து, கணப்பைச் சுற்றி உட்கார வைத்து உலர்த்தினார். அந்தக் கதை இருக்கட்டும். இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

வந்த மறுநாள் காலை பெண் தொட்டிலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். மரத் தொட்டில், நாலு கால். நாலும் நாலு கிண்ணத்துக்குள் நின்றன. கிண்ணத்தில் தண்ணீர். ஜன்னல் பக்கத்துக் கிண்ணத்தில் மெல்லிய ஐஸ் ஆடை.

"அம்மா, இது என்னம்மா?"

"எறும்புக்குத்தாண்டி. பால் வாசனைக்கு வந்து ஏறும். உன்னையும் இப்படித்தான் போட்டேன்."

"மூணடிப் பனிக்குக் கீழ இருந்து எந்த எறும்பும்மா ஏணி போட்டு வரும்?"

"உனக்கு என்னடி தெரியும்? அங்கெல்லாம்..." என்று அக்கா ஆரம்பித்து, அப்படியே நின்றாள்.

கணப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கட்டை வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்? புகை."

அன்றைக்குக் கணப்பில் புகையே இல்லை. அக்கா மூன்று கிண்ணத்தை எடுத்துவிட்டாள். நாலாவதை விட்டுவைத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

பனி உருகியதும் அவர் செய்த முதல் வேலை, மிச்சமிருந்த விறகையெல்லாம் மேலே ஏற்றியதுதான். வாசலோடு, வெயில் பக்கமாய், சுவரை ஒட்டி, இறவாணத்துக்கு அடியில், கதவைப் பாதி திறந்து கையை நீட்டினால் வருகிற மாதிரி. தபால்காரம்மாவுக்கும் பாடம் நடந்தது. அவள் பாதியில் கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வருஷமே அவருக்கு வயதாகி உத்தியோகம் முடிந்தது. மகள் வந்து இரண்டு பேரையும் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பனியும் இல்லை, கரையானும் இல்லை, விறகும் இல்லை. குழாயில் காஸ் வருகிற அடுக்குமாடி. இவர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் கேன், வெங்காய மூட்டை, பேத்தியின் சைக்கிள், பழைய பேப்பர் எல்லாவற்றையும் முன்கதவுக்குப் பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கினார். கதவு பாதிதான் திறக்கும். கையை நீட்டினால் வெங்காயம் வரும். பார்சல் கொடுக்க வருகிற பையன்கள் பக்கவாட்டில் நுழையப் பழகிவிட்டார்கள்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். உங்களை ஒன்று கேட்கலாமா? கடைசியாக வீடு மாறினீர்களே, முதல் மாதம் சுவிட்சைப் போடக் கை எந்தச் சுவருக்குப் போனது? புது ஆபீசில் பேச வாயைத் திறந்ததும் முதலில் வந்த ஊர் எது? மருமகள் துணி மடிக்கிற விதம் உங்களுக்கு ஏன் கோணலாகத் தெரிகிறது? போன வீட்டில் உங்களைக் கடித்தது எதுவோ, அதற்குத்தானே இந்த வீட்டில் வலை கட்டியிருக்கிறீர்கள்? இல்லை என்றால் நல்லது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள், அவசரமில்லை.

அவர் இப்போது மகள் வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறார்.